கேள்வி-பதில்: பழைய அமெரிக்க நூல்களை வாங்கும்போது விற்பவரின் குறிப்பை எப்படி வாசிப்பது?

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். இணைய ஏலம் ஒன்றில் ‘நியூ இங்கிலாந்து பிரைமர், பாஸ்டன், 1777, மிகப் பழைய பிரதி’ என்ற குறிப்போடு ஒரு சிறு புத்தகம் விற்பனைக்கு வந்திருக்கிறது. முகப்புப் பக்கத்தின் படத்தில் 1777 என்ற ஆண்டு தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்கப் புரட்சிக் காலத்து நூல் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறதே என்று ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: முகப்புப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஆண்டைத் தவிர வேறு சான்று எதுவும் உங்களிடம் இல்லையென்றால் இப்போது வாங்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாஸ்டனில் பெஞ்சமின் ஹாரிஸ் வெளியிட்ட இந்த அரிச்சுவடி, எழுத்துகளையும் கிறித்தவ ஞானோபதேசத்தையும் சேர்த்துக் கற்பிப்பதற்காக ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டது. குழந்தைகள் கையில் புழங்கிக் கிழிந்துபோனதால் முற்காலப் பிரதிகள் மிகக் குறைவாகவே எஞ்சின; இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது 1727ஆம் ஆண்டுப் பதிப்பு. இவ்வளவு அரிதாகக் கிடைக்கும் நூலின் 1777ஆம் ஆண்டுப் பிரதிகள் மட்டும் கடைக்குக் கடை தென்படுவதற்குக் காரணம் உண்டு. பாஸ்டனில் எட்வர்ட் டிரேப்பர் 1777இல் அச்சிட்ட பதிப்பை, ஹார்ட்ஃபோர்டில் ஐரா வெப்ஸ்டர் என்பவர் 1840களில் அதன் பழைய முகப்போடு மறுபதிப்பாக வெளியிட்டார். அது யாரையும் ஏமாற்றுவதற்காகச் செய்யப்பட்ட வேலை அன்று. ஆனால் ஹார்ட்ஃபோர்டு பதிப்பாளரின் பெயரைத் தாங்கிய அட்டையோ தாளோ காணாமற்போன பிரதியில், படிப்பவர் கண்ணுக்கு 1777 என்ற எண் மட்டுமே எஞ்சி நிற்கிறது. விற்பவரும் நல்லெண்ணத்தோடேயே அதை நம்பியிருக்கக்கூடும்.

ஆகவே விற்பவருக்கு எழுதி மூன்று படங்களைக் கேளுங்கள். முதலாவது, ஏதேனும் ஒரு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படம். 1777இல் அமெரிக்க அச்சகங்கள் பயன்படுத்திய தாள், கந்தல் துணியைக் கூழாக்கி, கம்பி வலை பொருத்திய சட்டத்தால் கையால் வார்க்கப்பட்டது. அதனால் நெருக்கமான மெல்லிய வரிகளும், அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளிக் கோடுகளும் தாளுக்குள்ளேயே தெரியும். அமெரிக்காவில் தாள் செய்யும் இயந்திரம் 1817இல்தான் டெலவேரின் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் ஓடத் தொடங்கியது. வரிகளே இல்லாத சமச்சீரான தாள் தெரிந்தால் 1777 என்ற கூற்றை ஏறத்தாழக் கைவிட்டுவிடலாம். வரிகள் தெரிந்தாலோ, அது தேவையான நிபந்தனைகளுள் ஒன்று நிறைவேறியது என்பதற்கு மேல் எதையும் உறுதிப்படுத்தாது. இரண்டாவது, அட்டையின் தேய்ந்த மூலைகளின் படம். அக்காலத்து அமெரிக்கச் சிறுநூல்களும் பள்ளிப் புத்தகங்களும் பெரும்பாலும் மெல்லிய மரத்தகட்டின் மேல் தாளோ செம்மறியாட்டுத் தோலோ ஒட்டிக் கட்டப்பட்டவை. மூலை தேய்ந்த இடத்தில் மரத்தின் நார் வெளியே தெரியும். மூன்றாவது, முகப்புத் தாளின் பின்பக்கமும் நூலின் கடைசிப் பக்கமும். அவற்றைக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போல நீண்டிருந்தாலே பழைய நூல் என்று சிலர் சொல்வார்கள். அந்த நீண்ட வடிவம் 1800ஐ ஒட்டி வழக்கொழிந்தது என்பது உண்மைதான். ஆனால் பழைய பக்கத்தைப் பார்த்து மறுபதிப்பு செய்பவர் அதையும் சேர்த்தே அச்சிட முடியும்.

கேள்வி: பிலிஸ் வீட்லியின் கவிதை நூலை வாங்கப் பல ஆண்டுகளாகப் பணம் சேர்த்து வருகிறேன். இப்போது ஒருவர் அனுப்பிய குறிப்பில் ‘லண்டன், 1773, முதற்பதிப்பு, பிற்காலத் தோல் கட்டு, உருவப்படம் நகல், ஒரு தாள் சீர்செய்யப்பட்டது, எவன்ஸில் இல்லை, நல்ல பிரதி’ என்று இருக்கிறது. லண்டனில் அச்சான நூலை அமெரிக்க நூல் என்று சொல்லலாமா? மற்றச் சொற்களுக்கு என்ன பொருள்?

பதில்: மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 1761இல் சிறுமியாக அடிமைக் கப்பலில் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவர், பன்னிரண்டே ஆண்டுகளுக்குப்பின் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்தக் கவிதைத் தொகுதியை விரும்பிச் சேர்க்க நினைப்பது மிக நல்ல தேர்வு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாஸ்டனில் இதற்குப் பதிப்பாளர் அமையாததால் லண்டன் புத்தக வணிகர் ஆர்ச்சிபால்ட் பெல் இதை வெளியிட்டார். அமெரிக்காவில் இது முதன்முதலில் அச்சானது 1786இல், பிலடெல்பியாவில், ஜோசப் குருக்ஷாங்கின் அச்சகத்தில். அதற்குள் கவிஞர் இறந்துவிட்டார். ஆகவே உங்கள் குறிப்பில் உள்ள ‘முதற்பதிப்பு’ என்ற சொல் 1773 லண்டன் நூலுக்குச் சரியாகவே பொருந்துகிறது. எதிர்காலத்தில் யாராவது 1786ஆம் ஆண்டு நூலை வெறுமனே ‘முதற்பதிப்பு’ என்று விற்க முன்வந்தால், ‘முதல் அமெரிக்கப் பதிப்பு’ என்று அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

அமெரிக்க நூல் என்று எதைச் சொல்வது என்பதில் இரண்டு வழக்குகள் நிலவுகின்றன. ஜோசப் சேபின் தொடங்கி 1868 முதல் 1936 வரை 29 தொகுதிகளாக வெளிவந்த பெரும்பட்டியல், அமெரிக்காவைப் பற்றிய நூல்களை எந்த நாட்டில் அச்சானாலும் சேர்த்துக்கொள்கிறது. சார்லஸ் எவன்ஸின் பட்டியலோ இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டு எல்லைக்குள் அச்சானவற்றையே நோக்கமாகக் கொண்டது. எவன்ஸ் 1903இல் முதல் தொகுதியை வெளியிட்டு, ஏறத்தாழ ஒற்றை மனிதராகவே பன்னிரண்டு தொகுதிகளை முடித்து, 1799ஆம் ஆண்டு நூல்களின் நடுவே ‘எம்’ எழுத்தோடு நின்றார். 1800 வரையிலான மிச்சப் பகுதியை கிளிஃபர்ட் ஷிப்டன் 1955இல் நிறைவு செய்தார். அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதிலிருந்து உங்களுக்குத் தேவையான செய்தி இதுதான்: லண்டனில் அச்சான நூல் ‘எவன்ஸில் இல்லை’ என்பதற்கும் அது அரிய நூலா என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அமெரிக்காவிலேயே அச்சான நூலுக்கும்கூட அந்தச் சொற்றொடரை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எவன்ஸ் கண்ணில் படாத பல்லாயிரம் வெளியீடுகளை ரோஜர் பிரிஸ்டல் 1970இல் துணைப்பட்டியலாக வெளியிட்டார். மறுபுறம், பழைய செய்தித்தாள் விளம்பரங்களை நம்பி எவன்ஸ் எண்கொடுத்த நூல்களில் சில, அச்சாகவே இல்லாதவை. மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில், அச்சகர் ஐசையா தாமஸ் 1812இல் நிறுவிய அமெரிக்கத் தொல்பொருள் கழகத்தின் (அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டி) நூலகப் பட்டியலை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். எந்தக் குறிப்பையும் அங்கே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

இனி ‘உருவப்படம் நகல்’ என்ற பகுதி. என் கணிப்பில் உங்கள் குறிப்பின் மிக முக்கியமான சொற்கள் இவையே. எழுதுகோலோடு மேசையருகே வீட்லி அமர்ந்திருக்கும் செப்புத்தகட்டுப் படம், இந்நூலின் உயிரான உறுப்பு. அதைக் கிழித்துச் சட்டமிட்டு மாட்டியவர்கள் பலர் இருந்ததால் படமில்லாப் பிரதிகள் சந்தைக்கு வருகின்றன. நகலைச் சேர்த்ததை வெளிப்படையாகச் சொன்ன விற்பனையாளர் நேர்மையானவர். ஆனால் நீங்கள் கொடுக்கும் விலை படமில்லாப் பிரதிக்குரிய விலையாக இருக்க வேண்டும். அசல் படம் உண்டு என்று கூறும் பிரதியானால், செப்புத்தகடு அழுந்திய விளிம்புத் தடம் தாளில் தெரிகிறதா, படத்தாளின் வரிகளும் நிறமும் மற்றத் தாள்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வேறொரு சிதைந்த பிரதியிலிருந்து எடுத்த தாள்களால் இட்டு நிரப்பிய பிரதியை முழுமையான பிரதி என்று விற்பது இத்தொழிலின் பழைய நோய். அப்படி நிரப்பியதைச் சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை.

‘ஒரு தாள் சீர்செய்யப்பட்டது’ என்றால் எந்தத் தாள், எவ்வளவு, எழுத்து எதுவும் போயிருக்கிறதா என்று கேளுங்கள். வீட்லியே இக்கவிதைகளை எழுதினார் என்று ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன், ஜான் ஹான்காக் உள்ளிட்ட பாஸ்டன் பிரமுகர்கள் சான்றளித்த பக்கம் இந்நூலின் முன்பகுதியில் உண்டு. பழுது அந்தத் தாளில் என்றால் எனக்கு அது பெரிய குறை. இன்னொன்றையும் கேட்க மறக்காதீர்கள். திருட்டுப் பதிப்புகள் வரக்கூடும் என்று அஞ்சிய வீட்லி, தம் கையெழுத்து உள்ளதே உண்மையான பிரதி என்று 1773இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார். அவர் கையொப்பமிட்ட பிரதிகள் பல இன்றும் உள்ளன. கையொப்பம் விலையைப் பன்மடங்கு உயர்த்தும் என்பதால், அதன் தெளிவான படத்தையும், அது எந்தெந்தக் கைகள் மாறி வந்தது என்ற விவரத்தையும் எழுத்தில் பெற வேண்டும். 1985இல் அமெரிக்காவின் முதல் அச்சு வெளியீடு என்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் குடிமக்கள் எடுத்த ‘ஃப்ரீமேன் உறுதிமொழி’யின் ஒற்றைத் தாளை மார்க் ஹாஃப்மன் பதினைந்து லட்சம் டாலருக்கு விற்க முயன்றதையும், அது அவரே செய்த போலி என்று பின்னர் வெளிப்பட்டதையும் அறிந்தவர்கள், தாளும் மையும் பழையதாகத் தோன்றுவதோடு நிறைவடைய மாட்டார்கள்.

‘நல்ல பிரதி’ என்ற சொல்லால் மகிழ வேண்டாம். 1949இல் ஓர் அமெரிக்கப் புத்தக வணிக இதழ் வகுத்த தர வரிசையில் ‘நல்லது’ என்பது ‘மிக உயர்வு’, ‘மிக நல்லது’ இரண்டுக்கும் கீழே, தேய்ந்து பழுதுற்றாலும் பக்கங்கள் முழுமையாக உள்ள சராசரிப் பிரதியைக் குறிக்கும். அமெரிக்கத் தொல்நூல் விற்பனையாளர் சங்கத்தின் உறுப்பினர்கள், குறைகளையும் சீர்செய்தவற்றையும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்ற நெறிக்குக் கட்டுப்பட்டவர்கள். ஏலத்தில் ‘எல்லாக் குறைகளோடும்’ என்று குறித்த பொருளைத் திருப்பித் தர முடியாது. ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணமும் தனியாகச் சேரும்.

கேள்வி: ஜார்ஜ் வாஷிங்டன் மறைவுச் செய்தி, கறுப்புக் கரையிட்ட பக்கங்களோடு வெளிவந்த ‘அல்ஸ்டர் கவுண்டி கெசட்’ 1800 ஜனவரி 4 இதழ் எங்களிடம் இருக்கிறது. மதிப்பிட எங்கே கொடுக்கலாம்?

பதில்: செலவு செய்து மதிப்பிட வேண்டாம் என்பதே என் கருத்து. அவ்விதழின் அசல் பிரதிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை; அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கே 1930இல்தான் ஒன்று கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து நினைவுப்பொருளாக அச்சிடப்பட்ட மறுபதிப்பு வகைகளோ டஜன் கணக்கில் உள்ளன. அசலை அடையாளம் காணும் குறிகளை அந்நூலகமே வெளியிட்டிருக்கிறது. முதலில் அவற்றோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள நாற்பதுக்கும் மேற்பட்ட 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சிறுவெளியீடுகளுக்கு நானே விவரப் பட்டியல் எழுத விரும்புகிறேன். ஒரு நூலில், மடித்த தாள்களை வரிசைப்படுத்தப் பக்க அடியில் இடும் ஆங்கில எழுத்துகளில், ‘ஐ’ என்ற தாள்மடிப்புக் குறிக்குப்பின் ‘ஜே’ இல்லாமல் நேரே ‘கே’ வருகிறது; இடையில் ஒரு பகுதி காணாமற்போய்விட்டதா?

பதில்: இல்லை, உங்கள் நூல் அந்த இடத்தில் முழுமையாகத்தான் இருக்கிறது. அச்சகர்கள் மடிப்புகளுக்குப் பழைய லத்தீன் நெடுங்கணக்கின் 23 எழுத்துகளையே குறியாக இட்டனர். அதில் ‘ஐ’, ‘ஜே’ இரண்டும் ஒன்று, ‘யு’, ‘வி’ இரண்டும் ஒன்று, ‘டபிள்யூ’ கிடையாது. பக்க எண்களைவிட இந்தக் குறிகளையே நம்புங்கள். பக்க எண்ணில் அச்சுக்கோப்பவர் தவறுவது அடிக்கடி நிகழ்ந்தது.

குறிப்பில் முகப்பின் வாசகத்தை அதன் எழுத்துக்கூட்டலோடு அப்படியே படியெடுங்கள். ஊர், அச்சகர், ஆண்டு, தாள் எத்தனையாக மடிக்கப்பட்டது, மடிப்புக் குறிகளின் வரிசை, பக்கங்கள், படங்கள், கட்டு, பட்டியல் எண் ஆகியவை அடுத்து வரட்டும். அதன்பின் குறைகளை எழுதுங்கள்: கிழிசல், பழுப்புப் புள்ளி, நூலக முத்திரை, வெட்டிக் குறைத்த ஓரம், இல்லாத தாள். முன்னாளைய உடைமையாளரின் பெயர் எழுதியிருந்தால் அதை அழுக்கு என்று எண்ணித் துடைக்கவோ விட்டுவிடவோ கூடாது; ஒரு பஞ்சாங்கத்தின் ஓரத்தில் உழவர் குறித்த விதைப்பு நாள், அதன் அச்சு வாசகத்தைவிட ஆய்வாளருக்குப் பயன்படலாம். உங்கள் எண்ணைப் புத்தகத்தில் இட வேண்டுமானால் மெல்லிய பென்சிலால் பின் உள்ளட்டையில் மட்டும் இடுங்கள். விற்றவரின் குறிப்பையும் ரசீதையும் நூலுக்குள் செருகாமல் தனி உறையில் வையுங்கள். இக்காலத் தாள்களில் பலவற்றின் அமிலம் பழைய தாளில் கறையாக இறங்கும்.