எத்தனை நாள், எவ்வளவு எடை, எவ்வளவு ஓய்வு: பளுதூக்குதல் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பயிற்சியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள்தான் வர முடிகிறது. மற்றவர்கள் ஆறு நாளும் வருகிறார்கள். நான் பின்தங்கிவிடுவேனா? (கல்லூரி மாணவர், வேலூர்)

பதில்: பின்தங்க மாட்டீர்கள், தம்பி. கடுமையான வேலை கொடுத்த தசையில் புதுப் புரதம் உருவாகும் வேகம் ஏறக்குறைய 24 முதல் 48 மணி நேரம் வரை கூடுதலாகவே இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி என்று வருபவருக்கு அந்த இடைவெளி தானாக அமைந்துவிடுகிறது. ஆறு நாள் வருபவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒரு நாள் மார்பு, ஒரு நாள் முதுகு, ஒரு நாள் கால் என்று பிரித்துச் செய்பவர்களாக இருந்தால், அவர்களுடைய கால்களுக்கு வாரத்தில் ஓரிரு நாள்தான் வேலை கிடைக்கிறது. மூன்று நாளும் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) செய்யும் உங்கள் கால்களுக்கு அதைவிட அதிக முறை கிடைக்கிறது. ஆகவே வரும் நாட்களை எண்ணாமல், ஒவ்வொரு தூக்குதலையும் வாரத்தில் எத்தனை முறை செய்கிறீர்கள், மொத்தம் எத்தனை ரெப்ஸ் (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) ஆகிறது என்பதை எண்ணுங்கள். இந்த மூன்று நாள் பயிற்சியிலேயே எடை ஏறிக்கொண்டிருக்கும்வரை நான்காவது நாள் தேவையில்லை.

கேள்வி: வியர்த்துக் கொட்டி, வாந்தி வரும் அளவுக்குச் செய்வதுதான் தீவிரப் பயிற்சி என்கிறார்கள். சரிதானா? (திருச்சி)

பதில்: சரியன்று. பளுதூக்குதலில் தீவிரம் என்ற சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு. உங்களால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையில், இன்று ராடில் (எடைத் தட்டுகளை மாட்டும் இரும்புக் கம்பியில்) ஏற்றியிருப்பது எத்தனை சதவீதம் என்பதே அது. வியர்வை சென்னை வெயிலில் சும்மா நின்றாலும் வரும்.

சோவியத் பயிற்சியாளர் பிரிலேபின், தேர்ந்த வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து வகுத்த அட்டவணை இன்றும் பயன்படுகிறது. உச்ச எடையில் 70 முதல் 80 சதவீதம் என்றால் ஒரு பயிற்சியில் மொத்தம் சுமார் 18 ரெப்ஸ், 80 முதல் 90 சதவீதம் என்றால் சுமார் 15, அதற்கு மேல் போனால் 10க்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஸ்குவாட்டில் உங்கள் உச்சம் 100 கிலோ என்றால், 80 கிலோவில் மும்மூன்று ரெப்ஸாக ஐந்து செட் (இடையிடையே ஓய்வோடு ஐந்து சுற்று) செய்வது நல்ல ஒரு நாள் வேலை. எடை ஏற ஏற எண்ணிக்கை குறைகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் ஏற்ற முயல்பவர்கள்தான் அடுத்த மாதம் முழங்கால் வலியோடு வந்து நிற்கிறார்கள்.

சதவீதம் காகிதக் கணக்கு. அன்றைய உடல்நிலையை ராடின் வேகமே சொல்லும். மூன்றாவது செட்டின் கடைசி ரெப்பில் எழும்போது, பாதி உயரத்தில் ராடு ஒரு கணம் நிற்பதுபோல் தயங்கும். முழங்கால்கள் உள்ளே சாயும். குதிகாலில் இருந்த எடை கால்விரல்களுக்கு நகரும். இவற்றைக் கண்டால் அடுத்த செட்டுக்கு முன் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து கிலோவைக் கழற்றிவிடுங்கள். அப்படிக் கழற்றிய நாட்களையும் நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

கேள்வி: பல்கேரிய வீரர்கள் தினமும் உச்ச எடையைத் தூக்கியே பதக்கம் வென்றார்களாமே? நாங்களும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது? (கோவை)

பதில்: பல்கேரியப் பயிற்சியாளர் இவான் அபாஜியேவின் வழிமுறையைக் குறிப்பிடுகிறீர்கள். அவருடைய வீரர்கள் ஒரே நாளில் பல முறை பயிற்சி செய்தார்கள்; துணைப் பயிற்சிகளைக் குறைத்து, ஸ்நாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்குவது), ஸ்குவாட் ஆகியவற்றையே திரும்பத் திரும்பச் செய்து, அன்றைய உச்சம் வரை சென்றார்கள். ‘அன்றைய உச்சம்’ என்பதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது போட்டியில் தூக்கிய சாதனை எடை அன்று. அன்று காலையில் உடல் எதற்கு இடம் கொடுக்கிறதோ அந்த எடை.

அந்த வீரர்களுக்குத் தூக்குவதைத் தவிர வேறு வேலை கிடையாது. உணவும் உறக்கமும் மருத்துவமும் அரசின் பொறுப்பில் இருந்தன. அந்தச் சுமையைத் தாங்கியவர்களே நமக்குத் தெரிகிறார்கள்; தாங்காமல் விலகியவர்களின் பெயர் பதக்கப் பட்டியலில் இருக்காது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இரண்டு பல்கேரியர்கள் தடைசெய்யப்பட்ட மருந்து கண்டறியப்பட்டுப் பதக்கத்தை இழந்ததையும், அந்த அணி போட்டியிலிருந்தே விலகியதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். என் இருபதுகளில் நானும் ஆறு வாரம் நாள்தோறும் உச்சம் தேடியிருக்கிறேன். முதல் மூன்று வாரம் எடை ஏறியது; ஐந்தாவது வாரத்தில், ராடைத் தோளில் ஏந்த முடியாதபடி மணிக்கட்டு வீங்கியது. வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்பவர்களுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: இரவுப் பணி. பகலில் ஐந்து மணி நேரம்தான் தூக்கம். பயிற்சியை விட்டுவிடலாமா? (சிறுசேரி)

பதில்: விட வேண்டாம், சுருக்கிக்கொள்ளுங்கள். தூக்கம் குறையும் வாரங்களில் முதலில் செட்களைக் குறையுங்கள், எடையை ஓரளவு அப்படியே வைத்திருங்கள். ஐந்து செட் செய்த இடத்தில் மூன்று செட் செய்தாலும் பெற்ற வலிமையைப் பல வாரங்களுக்குக் காத்துக்கொள்ளலாம். சன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க முடிந்தால், கடையில் விற்கும் எந்தப் புரத மாவைவிடவும் அது உதவும்.

கேள்வி: முட்டை மட்டும் சாப்பிடுவேன், இறைச்சி இல்லை. போதுமா? (கும்பகோணம்)

பதில்: போதும். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று கணக்கிடுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 96 கிராம் வரும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஊறவைக்காத கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் உண்டு. சோற்றைக் குறைக்காமல் பருப்பையும் சுண்டலையும் தயிரையும் கூட்டுங்கள்.

கேள்வி: ஸ்குவாட் செய்த மறுநாள் படி இறங்க முடியவில்லை. வலியோடு பயிற்சி செய்யலாமா? (மதுரை)

பதில்: பழகாத வேலைக்குப் பின் வரும் இந்த வலி இரண்டு மூன்று நாளில் தணியும். வெறும் ராடோடு மெதுவாகச் செய்து பாருங்கள்; சூடு ஏற ஏற வலி குறைந்தால், குறைந்த எடையில் தொடரலாம். மூட்டிலோ தசைநாணிலோ ஓரிடத்தில் குத்துவதுபோல் வலித்தால் அந்த அசைவை நிறுத்திவிடுங்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ தசை கடுமையாக வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையாக அது இருக்கலாம்.

கேள்வி: மாஸ்டர், மூன்று வாரத்தில் மாவட்டப் போட்டி. இப்போதுதான் அதிகமாக உழைக்க வேண்டுமா? (சத்துவாச்சாரி)

பதில்: இந்த வாரத்தோடு கடும் உழைப்பு முடிகிறது. அடுத்த வாரம் மொத்த ரெப்ஸில் மூன்றில் ஒரு பங்கையும், கடைசி வாரம் பாதிக்கு மேலும் குறையுங்கள். ஆனால் எடையை அதே அளவுக்குக் குறைக்காதீர்கள், ஏனெனில் கனமான ராடின் உணர்வு கைக்கும் தோளுக்கும் மறந்துபோகக் கூடாது. போட்டிக்கு முந்தைய இரண்டு நாளும் லேசான அசைவுகள் மட்டும் போதும்.

உங்கள் ஊர்க்காரர் சதீஷ் சிவலிங்கத்தை நினைத்துப் பாருங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்நாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர், 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்குத் தொடைக் காயத்தோடு சென்றார். அங்கே 144, 173 என்று 317 கிலோவோடு நிறுத்தி, தங்கம் உறுதியானதும் கடைசி வாய்ப்பைப் பயன்படுத்தாமலே விட்டார். நீங்களும் முதல் முயற்சிக்கு, மோசமான நாளிலும் இரண்டு முறை தூக்க முடிகிற எடையையே எழுதிக் கொடுங்கள்.