பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியைப் பாதுகாப்பாக இணையத்தோடு இணைக்க முடியுமா?

நீங்களும் டிடிபி கடையோ அச்சகமோ வைத்திருப்பவர் என்றுதான் நினைக்கிறேன். வேறு யார் இன்னும் எக்ஸ்பியைக் கட்டிக்கொண்டு அழப்போகிறார்கள்?

"அதைத் தூக்கிப் போடுங்கள்" என்று எழுதப்போகிறவர்களுக்கு முதலில் ஒன்று. என்னிடம் இருப்பது பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர். தமிழ் எழுத்துருக்கள், இன்று எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடு எழுத்துமுறைக்கு முந்தியவை. தமிழ் மென்பொருளுக்கான டாங்கிளை, அதாவது உரிமம் காட்டும் சின்னச் செருகியைப், பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகினால்தான் மென்பொருளே திறக்கும். இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகள் அதில் கிடக்கின்றன. அண்ணனுக்கு அடித்த மாதிரியே தம்பிக்கும் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு என்ன சொல்ல?

சரி, கேள்விக்கு வருகிறேன். நேரடியாக இணைக்காதீர்கள். நான் இணைத்துப் பட்டவன்.

ஒருநாள் காலையில் எந்தத் தளத்தைத் திறந்தாலும், அது அசல் தளம்தான் என்று காட்டும் சான்றிதழில் பிழை என்றது. சர்வீஸ் பையன் வந்து மதர்போர்டு போய்விட்டது, நாலாயிரம் ஆகும் என்றான். அவன் போன பிறகுதான் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன்: 2002 ஜனவரி 1. உள்ளே கடிகாரத்தை ஓடவைக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. 2002-இல் இருப்பதாக நினைக்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் எதுவுமே இன்னும் பிறக்கவில்லை! முப்பது ரூபாயில் முடிந்தது.

தேதி சரியான பிறகும் பாதித் தளங்கள் திறக்கவில்லை. எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், தளத்தோடு மறைத்துப் பேசும் முறையான டிஎல்எஸ்ஸில் 1.0-க்கு மேல் போகாது, தளங்களோ 1.2 கேட்கின்றன. ஃபயர்பாக்ஸ் 52 போட்டதும் திறந்தன. எக்ஸ்பிக்கு வந்த கடைசிப் பதிப்பு அதுதான், அதற்கும் 2018-லேயே திருத்தங்கள் நின்றுவிட்டன. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்த கதை. திறக்கிறது என்பதற்காகப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.

இப்போது நடுவில் ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் வைத்திருக்கிறேன். அதுதான் வைஃபையில் இணையத்தோடு பேசும். அதற்கும் எக்ஸ்பிக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள். எக்ஸ்பியில் இணையத்துக்கு வழிகாட்டும் கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விட்டேன், லினக்ஸிலும் இணைப்பை அந்தப் பக்கம் பகிரவில்லை. எக்ஸ்பிக்கு வெளியே போக வழியே இல்லை. கோப்புகள் போய்வருவது எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக, அதுவும் அந்தக் கேபிளுக்குள் மட்டும். வாடிக்கையாளர் பென்டிரைவும் முதலில் லினக்ஸில்தான். பென்டிரைவில் வந்த வைரஸால் கோப்புறையெல்லாம் ஷார்ட்கட் ஆகி நின்ற நாளை நான் மறக்கவில்லை.

எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகும் என்று யாராவது வருவீர்கள். தெரியும். இரண்டடிக் கேபிளில் யார் ஒட்டுக் கேட்பது? கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட 2017 வன்னாக்ரை வைரஸை ஞாபகப்படுத்துவீர்கள். அதில் அதிகம் அடிபட்டது விண்டோஸ் 7, திருத்தம் இரண்டு மாதம் முன்பே வந்தும் போடாதவர்கள். எக்ஸ்பிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, நான் படித்தது பி.காம்., தப்பிருந்தால் சொல்லுங்கள்.

வைரஸைவிடப் பெரிய தொல்லை வாட்ஸ்அப்பில் வருகிறது. இரவு பதினொரு மணிக்கு யூனிகோடில் மேட்டரை அனுப்புவார்கள். பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஒரு 'ஸ்ரீ' காணாமல் போகும். ப்ரூஃப் பார்த்து ஓகே சொன்னது பார்ட்டிதான். ஆயிரம் பத்திரிகை அடித்த பிறகு காசு கொடுக்காமல் நிற்பதும் அதே பார்ட்டிதான்.