இரவில் மட்டும் அணைந்துபோகும் வேட்டைக் கேமரா

வணக்கம் நண்பரே. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலக் காட்டில் மரத்தில் கட்டிய உங்கள் கேமரா பகலில் மானைப் படம் பிடிக்கிறது, நவம்பர் குளிர் வந்ததும் இரவில் அணைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பேட்டரி மேல்தான் சந்தேகம். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கேமரா சட்டென்று அதிக மின்சாரம் இழுக்கும். குளிரில் ஆல்கலைன் பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது. வோல்டேஜ் சரிந்து எல்லாம் நின்றுவிடும். அதே பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து சோதித்தால் நன்றாக இருப்பதாகக் காட்டும், பலர் ஏமாறுவது இங்கேதான். 1.5 வோல்ட் லித்தியம் டபுள்-ஏ போடுங்கள், மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும். பழசோடு கலக்க வேண்டாம். அப்புறம், மெமரி கார்டை அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிடுங்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காவது வியாழன் வரும் அமெரிக்கப் பண்டிகை) முந்தைய சனிக்கிழமை துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் தொடங்கிவிடும், அதற்குள் இரண்டு இரவாவது ஓடவிட்டுப் பாருங்கள்.