ஸ்னோ விழமுதல் கடைக் கூரையில் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எனக்கும் தம்பிக்கும் ஒரு சின்னப் பிளாசா இருக்கிறது. 1970களில் கட்டிய ஒற்றைத் தளக் கட்டடம். தட்டைக் கூரை, தாருக்கு மேல் சல்லி போட்டது. ஆறு யூனிற். ஒன்றில் டேக்கவுட் சாப்பாட்டுக் கடை, ஒன்றில் டியூஷன் வகுப்பு. ஒரு யூனிற் ஆடியிலிருந்து காலியாகக் கிடக்கிறது. போன பெப்ரவரியில் சாப்பாட்டுக் கடைக் குசினியின் பின்பக்கத்திலும் டியூஷன் வகுப்பின் சீலிங்கிலும் தண்ணீர் சொட்டியது. கூரை வேலை செய்கிற ஒருவர் முழுக் கூரையையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் தார் பூசினால் போதும் என்கிறார். வின்டர் வரமுதல் நாங்கள் என்ன செய்வது?

பதில்: இரண்டு பேருக்கும் இப்போதைக்குக் காசு கொடுக்காதீர்கள். இருவருமே சரியாக இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்.

முதலில் வாடகைக்கு இருப்பவர்களிடம் ஒரு விடயம் கேளுங்கள்: தண்ணீர் சொட்டிய அன்று வெளியே எப்படிக் குளிர்? மழை பெய்த நாளில், அல்லது கடும் குளிர் விட்டு ஸ்னோ உருகிய நாளில் சொட்டியிருந்தால் கூரையில் எங்கோ வாய் திறந்திருக்கிறது. வெளியே மைனஸ் 20, உருகுவதற்கு எதுவுமில்லை, அப்படியும் சொட்டியது என்றால் கூரையைக் குற்றம் சொல்லமுதல் சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்க்க வேண்டும். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் கட்டடத்துக்கு உள்ளேதான் போகிறது. குளிர்காலத்தில் அந்தக் குழாயும் அதன் தலையும் சில்லென்று இருக்கும். அதைச் சுற்றிக் காப்புறை இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஈரக் காற்று அதில் பட்டு வியர்க்கும், வியர்வை சீலிங்கில் சொட்டும். நாள் முழுக்கச் சோறும் கறியும் வேகிற குசினியில் இது இன்னும் அதிகம். இதற்குக் குழாயைச் சுற்றிக் காப்புறை போடுவதும் புகைக்கூட்டு விசிறியைச் சரிபார்ப்பதும்தான் மருந்து. புதுக் கூரை போட்டாலும் அந்தச் சொட்டு நிற்காது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கடும் குளிரில் அந்த ஈரம் கூரைத் தகட்டின் அடியில் உறைபனியாகப் படிந்து, குளிர் விட்ட அன்று உருகி விழுவதும் உண்டு. ஆகவே சீலிங் தட்டைத் தூக்கிக் கண்ணால் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தது கூரைக்கு மேல். தட்டைக் கூரை என்று சொல்கிறோமே தவிர, அது தட்டையாக இருக்கக் கூடாது. 50 அடிக்கு ஓர் அடியாவது சரிவு வேண்டும். உங்களுடையதைப் போன்ற பழைய கட்டடங்களில் உருக்குச் சட்டங்கள் தளர்ந்து, தாருக்குக் கீழே சூட்டைக் காக்கும் காப்புப் பலகை அமுங்கி, அந்தச் சரிவு பல இடங்களில் இல்லாமல் போயிருக்கும். மழை பெய்து இரண்டு நாள் கழித்து ஏறிப் பாருங்கள். அப்போதும் தண்ணீர் நிற்கிற இடங்களைச் சோக்கட்டியால் சுற்றி வரைந்து படம் எடுத்து வையுங்கள். எந்தக் கூரைக்காரர் வந்தாலும் அந்தப் படங்களில் இருந்துதான் கதை தொடங்க வேண்டும்.

வேலை எல்லாவற்றிலும் முதலாவது, தண்ணீர் இறங்கும் வாய்களைத் துப்புரவாக்குவது. இதைப் பெரிய வேலையாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் நான் வின்டரில் போய்ப் பார்த்த ஒழுக்குகளில் மிகப் பல ஒரு பிளாஸ்டிக் பையிலும் ஒரு பிடி மேப்பிள் இலையிலும் தொடங்கியவை. வாய் அடைபட்டால் தண்ணீர் குளமாகும். 5 மீற்றருக்கு 5 மீற்றர் பரப்பில் 10 சென்ரிமீற்றர் ஆழம் நின்றால் அது இரண்டரைத் தொன். அது இரவில் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் விரியும். விரியும் பனிக்கட்டி தார் மடிப்புக்குள் இருக்கிற நூல் அளவு வெடிப்பையும் நெம்பித் திறக்கும். பகலில் உருகி அந்த வெடிப்புக்குள் இறங்கும், இரவில் திரும்ப உறையும். ரொறன்ரோவில் ஒரே வாரத்தில் இது நாலைந்து தடவை நடக்கும். தொடர்ந்து மைனஸ் 15இல் கிடக்கிற ஊர்களை விட இங்கே கூரைகள் கூடுதலாகப் பாடுபடுவது இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

இலை விஷயத்தில் நாள் முக்கியம். ஒக்ரோபரில் வரும் தாங்ஸ்கிவிங்கை ஒட்டி ஒருமுறை துப்புரவாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுவார்கள். இலை முழுக்கக் கொட்டி முடிவது நவம்பரின் முதல் பாதியில். ஆகவே ஒக்ரோபரில் ஒருமுறை, நவம்பர் நடுவில் இன்னொருமுறை. ஒவ்வொரு வாயிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அது மடமடவென்று இறங்குகிறதா என்று பாருங்கள். மேலே இருக்கும் கூண்டு மூடி காணாமல் போயிருந்தால் அன்றே புதிது வாங்கிப் போடுங்கள். சுவரோரத்தில் வெளிப்பக்கமாகத் தண்ணீர் பாயும் துவாரங்கள் இருந்தால் அவற்றையும் தோண்டிப் பாருங்கள். உள்ளே இறங்கும் வாய் அடைபட்ட அன்று கூரையைக் காப்பாற்றப் போவது அந்தத் துவாரம்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில கடைக் கூரைகளில் கூண்டுக்குள் ஒரு வளையம் இருக்கும். தண்ணீரைத் தடுப்பது போலத் தெரியும். பெருமழையில் நகரத்தின் வடிகாலுக்குள் தண்ணீர் ஒரேயடியாகப் போகாமல் கூரையிலேயே கொஞ்ச நேரம் தேக்கி விடுவதற்காகப் பொறியியலாளர் கணக்குப் போட்டு வைத்தது அது. தண்ணீர் சுறுக்காகப் போகட்டும் என்று அதைக் கழற்றி எறிய வேண்டாம். அதில் சிக்கியிருக்கும் குப்பையை மட்டும் எடுங்கள்.

இனி உங்கள் சாப்பாட்டுக் கடை. குசினி விசிறியைச் சுற்றி ஒரு மீற்றர் தூரம் வரை சல்லியைக் கையால் விலக்கிப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் அது எண்ணெய்க் கொழுப்பு. தார் எண்ணெயில் இளகும். றப்பர் விரிப்புப் போட்ட கூரை என்றால் விரிப்பு ஊதிச் சுருக்கம் விழும். கொத்துரொட்டியும் பொரியலும் ஓடுகிற கடைகளின் மேல் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். விசிறியின் அடியில் கொழுப்பை ஏந்தும் பெட்டி பொருத்தி, அதை யார் எத்தனை நாளைக்கு ஒருமுறை துப்புரவாக்குவது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இளகிப்போன இடத்தில் தார் மேல் தார் பூசுவது பிரயோசனமில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிது போட வேண்டும். குசினியின் பின்பக்கத்தில் சொட்டியது என்கிறீர்கள், அது விசிறிக்கு நேர் கீழே என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதில்தான்.

கூரையின் நடுப்பகுதி தானாக ஒழுகுவது குறைவு. எதாவது அதைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிற இடமும் சுவரில் ஏறுகிற விளிம்பும்தான் ஒழுகும். ஹீட்டிங் பெட்டிகளின் அடி, எரிவாயுக் குழாய், வயர்கள் வெளிவரும் தார்க் கிண்ணங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். அந்தக் கிண்ணங்களில் இருக்கும் நிரப்பு காலப்போக்கில் சுருங்கி நடுவில் குழி விழும், தண்ணீர் அதில் நின்று உள்ளே இறங்கும். நிரப்பி மேடாக்கிவிட்டால் போதும், சின்ன வேலை. சுவருக்கு மேல் தொப்பி மாதிரி இருக்கும் தகட்டின் இணைப்புகளையும் அசைத்துப் பாருங்கள். எங்கள் ஆட்களின் பிளாசாக்களில் இன்னொன்றும் உண்டு: ஒரு காலத்தில் தமிழ்த் தொலைக்காட்சி பார்க்கப் பூட்டிய டிஷ்கள். பூட்டினவர் போய்ப் பத்து வருடமாகியிருக்கும், டிஷ் மட்டும் கொங்கிறீற் கல்லோடு நிற்கும். அந்தக் கல்லின் மூலை ஒவ்வொரு காற்றுக்கும் விரிப்பை அராவுகிறது. பாவிக்காதவற்றைக் கழற்றி இறக்குங்கள், பாவிப்பதற்கு அடியில் தடித்த றப்பர்ப் பாய் வையுங்கள்.

முழுக்க மாற்றுவதா, ஒட்டுப் போடுவதா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் தார் விரிப்புக்கு அடியில் இருக்கிறது. காப்புப் பலகை எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. நனைந்த பலகை திரும்பக் காயாது. சூட்டையும் காக்காது, அடியில் இருக்கும் உருக்குத் தகட்டையும் துருப்பிடிக்க வைக்கும். வெயில் அடித்த நாளின் இரவில் வெப்பப் படம் எடுத்தால் நனைந்த இடங்கள் சூட்டைப் பிடித்து வைத்திருப்பது தெரியும். சல்லி தடிப்பாக இருந்தால் படம் தெளிவாக வராது, நாலைந்து இடத்தில் சின்னத் துண்டு வெட்டி எடுத்துப் பார்ப்பதே உறுதி. உங்கள் கட்டடம் 1970களினது என்பதால் வெட்டமுதல் கல்நார் (அஸ்பெஸ்டோஸ்) இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், ஒன்ராறியோவில் அது சட்டம். இரண்டு மூன்று இடம் மட்டும் நனைந்திருந்தால் அவற்றை வெட்டி மாற்றி இந்த வின்டரைத் தாண்டலாம். பரவலாக நனைந்திருந்தால் முதலாமவர் சொன்னது சரி. ஆனால் அப்போதும் நவம்பர் கடைசியில் அவசரமாகச் செய்விக்க வேண்டாம். பல ஒட்டுப் பசைகள் 5 பாகைக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. மோசமான இடங்களை இப்போது மூடிவிட்டு, முழு வேலையை மே மாதத்துக்கு ஒப்பந்தம் செய்யுங்கள்.

சீலிங் தட்டை மட்டும் மாற்றிவிட்டு இருப்பது மட்டும் வேண்டாம். வட ஒன்ராறியோவின் எலியற் லேக் ஊரில் 1980இல் திறந்த அல்கோ சென்டர் மோலின் கூரை ஆரம்பத்திலிருந்தே ஒழுகியது. கூரையில் கார் நிறுத்துமிடம் இருந்தது. தண்ணீரும் கார்களோடு வந்த உப்பும் பல வருடங்களாக இறங்கி உருக்கு இணைப்பை அரித்தன. 2012 ஜூன் 23இல் ஒரு பகுதி இடிந்து விழுந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். உங்கள் கூரையில் கார் நிற்கவில்லை, அவ்வளவு உப்பும் இல்லை. இருந்தாலும் ஒழுகிய இடத்தில் சீலிங்குக்கு மேல் சட்டங்களும் அவற்றின் முனைகளும் துருப்பிடித்து உரிகின்றனவா என்று பாருங்கள். உரிந்தால் கூரைக்காரரை அல்ல, கட்டமைப்புப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

காலி யூனிற்றைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. எரிவாயுக் கணக்கை மிச்சம் பிடிக்க அங்கே ஹீட்டிங்கை நிற்பாட்டாதீர்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருப்பது கட்டடத்தின் சூட்டால்தான். காலியாகக் கிடந்த ஒரு கடையில் ஜனவரியில் குழாய் உறைந்து வெடித்ததை நான் பார்த்தேன். மேலே குளம், குளிர் விட்ட அன்று அவ்வளவு தண்ணீரும் பக்கத்துக் கடைச் சாமான்களுக்கு மேல் வந்தது. குறைந்தது 12 பாகையாவது வைத்திருங்கள், கிழமைக்கு ஒருமுறை யாராவது உள்ளே போய்ப் பார்க்கட்டும். காலியான இடத்துக்குக் காப்புறுதியில் தனி நிபந்தனை இருக்கலாம், தரகரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

ஸ்னோ விழுந்த பின் சவளோடு ஏறுவது பற்றி: பெரும்பாலான நாட்களில் தேவையில்லை. ஸ்னோவின் உயரத்தைப் பார்த்துப் பாரத்தைச் சொல்ல முடியாது. ஓர் அடிப் புது ஸ்னோ ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 30 கிலோ. அதே ஓர் அடி அமுங்கிக் கிடந்தால் 90 கிலோ வரை போகும். ஓர் அடிப் பனிக்கட்டி 275 கிலோவுக்கு மேல். ஸ்னோ கிடக்கும்போது மழை பெய்து திரும்ப உறைகிற நாள்தான் பயப்பட வேண்டிய நாள். காற்று அள்ளிக் குவிக்கும் இடங்களும் அப்படியே: உயர்ந்த சுவரின் அடி, பெரிய பெயர்ப்பலகையின் பின்பக்கம், ஹீட்டிங் பெட்டிகளின் மறைவு. பக்கத்தில் யாராவது உங்களுடையதை விட உயரமாகக் கட்டியிருந்தால் முன்பு இல்லாத குவியல் இப்போது வரும். அகற்றத்தான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் சவளால், கூரையில் ஒரு கை அகலத் தடிப்புக்கு ஸ்னோவை விட்டுவிட்டு, இரு பக்கமும் சமமாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். கூரையிலேயே ஓரிடத்தில் குவிக்கக் கூடாது, உப்பும் போடக் கூடாது.

அந்த வேலைக்கு டியூஷன் வகுப்புக்கு வருகிற உயர்தரப் பொடியன்களையோ மச்சானையோ ஏற்றாதீர்கள். ஸ்னோ மூடினால் விளிம்பு எது, வெளிச்சக் கண்ணாடி எது என்று தெரியாது. உயரத்தில் வேலை செய்யும் பயிற்சிச் சான்றிதழ் உள்ளவர்களை எடுங்கள். வேலையிட விபத்துக் காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் கிளியரன்ஸ் கடிதத்தை வேலை தொடங்கமுதல் கேட்டு வாங்குங்கள். தார் உருக்கும் நெருப்போடு வருகிறவர் என்றால், வேலை முடிந்த பின் நெருப்புக் காவலுக்கு எவ்வளவு நேரம் நிற்பார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, ஆறு யூனிற்காரருக்கும் இந்த மாதமே ஒரு கடிதம் கொடுங்கள். தண்ணீர் சொட்டினால் நாள், நேரம், இடம், வெளிக் குளிர் நாலையும் குறித்துப் படத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். ஸ்னோ நாட்களில் கதவு திடீரென்று இறுகினால், சீலிங் தொய்ந்தால், நெருப்பணைக்கும் குழாயின் தலை சீலிங்குக்குக் கீழே தள்ளிக்கொண்டு வந்தால், மேலே வெடிக்கிற சத்தம் கேட்டால், உங்களுக்குத் தொலைபேசி எடுக்கமுதல் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 911க்கு அழைக்கச் சொல்லி அதே கடிதத்தில் தடித்த எழுத்தில் போடுங்கள். டியூஷன் வகுப்பில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.