மூட்டுவலி குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: ஆறு மாதமாக முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு) வாரம் 15 மி.கி. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன். வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. இனி உணவு, யோகா, மூலிகை போதுமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வலி குறைந்ததற்குப் பெரும்பாலும் அந்த மாத்திரைதான் காரணம். இந்த நோயில் நம் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. மருந்தை விட்டதும் வலி திரும்பாமல் இருக்கலாம்; ஆனால் உள்ளே அழற்சி மறுபடி கிளம்பி எலும்பை அரிக்கலாம். அரித்த எலும்பு பழையபடி ஆகாது. அளவைக் குறைக்கும் பேச்சை, நோய் பல மாதம் அடங்கியே இருந்த பிறகு, மருத்துவரிடம் எடுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள்தான். தவறுதலாகத் தினமும் விழுங்கி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிரிழந்தவர்கள் உண்டு. கிழமையை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதிவையுங்கள். பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட் வைட்டமினை வேறு நாளில் எடுங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின் (சிறுநீரகம்) பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

யோகாவும் நடையும் அவசியம், ஆனால் மருந்தோடு சேர்த்து. காலை விறைப்புக்கு, கைகளை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து, விரல்களை மெல்ல மடக்கி விரியுங்கள். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வலி நீடித்தால் மறுநாள் பயிற்சியின் அளவைக் குறையுங்கள். சிவந்து சூடாக வீங்கிய மூட்டில் பாரம் ஏற்றக் கூடாது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதும் வேண்டாம். அந்த முறுக்கு விரல்களைச் சுண்டுவிரல் பக்கமாகத் தள்ளும். இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். பையை விரல்களில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டுங்கள்.

உணவில் மீன் எண்ணெய்க்கு ஓரளவு ஆதாரம் உண்டு: அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகளான ஈ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. இரண்டும் சேர்த்துத் தினம் சுமார் 3 கிராம், குறைந்தது மூன்று மாதம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். புகைப்பவர் விட்டே ஆக வேண்டும். புகை நோயையும் கூட்டும், மருந்தின் பலனையும் கெடுக்கும்.

மூலிகையில்தான் எனக்குப் பெரிய கவலை. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொடி இரண்டே நாளில் வலியைப் போக்கினால், அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். பல வாரம் தின்றுவிட்டுச் சட்டென நிறுத்தினால் உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்காமல் மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரலாம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

காய்ச்சல், விடாத வறட்டு இருமல், மூச்சுத்திணறல், வாய்ப்புண் இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த வேளை மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் முன் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கருத்தரிக்கத் திட்டமிருந்தால் பல மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். இந்த மருந்து கருவைப் பாதிக்கும், மாற்று மருந்துகள் இருக்கின்றன.