பழைய அமெரிக்கக் கார்களை அடையாளம் கண்டு, வாங்கிச் சரிசெய்வதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாக முடியும். நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவு. ஒன்பது வருடமாக என் வார இறுதிகள் இதில்தான் போகின்றன. கேரேஜில் இருப்பது ஒரே கார்தான்: 1966 ஃபோர்டு மஸ்டாங், ஆறு சிலிண்டர், இரண்டு கதவு ஹார்ட்டாப் (மடக்க முடியாத தகரக் கூரை). ஷெவர்லே, டாட்ஜ், பான்டியாக் பற்றியெல்லாம் எனக்கு இருப்பது கேள்விஞானம். அதனால் கைபட்டுத் தெரிந்த இந்தக் காரை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஸ்பேனர் வாங்குவதற்கு முன்னால் காரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நான் அதைக் கற்றுக்கொள்ளாமலே முதல் காரைப் பார்க்கப் போனேன். பக்கத்து ஊரில் ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்த 1965 மஸ்டாங். செக்கச்செவேல் என்று பெயின்ட், முன் கிரில்லில் இரண்டு பனி விளக்கு, பக்கவாட்டில் ஜிடி (ஃபோர்டு தனித் தொகுப்பாக விற்ற வேக ரகம்) முத்திரை, பின்னால் பம்பருக்குக் கீழே ஊதுகுழல் மாதிரி இரண்டு புகைக்குழாய். ஜிடி என்பதால் விலையும் அதற்கேற்ப. கையில் காசோலைப் புத்தகத்தோடு போயிருந்தேன். நல்லவேளை, என்னோடு பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்திருந்தார், கார்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய்ச் சக்கரத்தின் நட்டுகளை எண்ணினார். நாலு. அப்புறம் பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஓட்டுநர் பக்க ஃபெண்டரின் (சக்கரத்தை மூடியிருக்கும் தகரம்) உள்விளிம்பில் கைவிளக்கை அடித்தார். அங்கே அச்சடித்திருந்த எண் 5ஆர்07டி (5R07T) என்று தொடங்கியது. என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் அங்கே படித்தது என்ன என்று சொல்கிறேன், இந்தப் பொழுதுபோக்கின் அரிச்சுவடியே அதுதான். முதல் இலக்கம் மாடல் வருடம், 5 என்றால் 1965. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹோசே, டி மெட்டச்சன். அடுத்த இரண்டு இலக்கம் பாடி: 07 ஹார்ட்டாப், 08 கூரையை மடக்கும் கன்வெர்ட்டிபிள், 09 கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக். ஐந்தாவது எழுத்துதான் எஞ்சின், ஆளைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான். டி என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். சி என்றால் இரட்டைக் குழல் கார்பரேட்டர் வைத்த 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்), ஏ என்றால் நான்கு குழல், கே என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட உயர்ரகம். ஃபோர்டு ஜிடி தொகுப்பைக் கொடுத்தது ஏ, கே இரண்டுக்கு மட்டுமே. ஆக எஞ்சின் எழுத்து டி ஆக இருக்கும் கார் தொழிற்சாலையிலிருந்து ஜிடியாக வந்திருக்கவே முடியாது. சக்கரமும் அதையே சொல்கிறது. ஆறு சிலிண்டர் காருக்கு நாலு நட்டு, வி8க்கு ஐந்து. அந்தச் சிவப்புக் காரில் யாரோ பின்னாளில் வி8 எஞ்சினை இறக்கியிருக்கிறார்கள், ஆனால் பிரேக் டிரம் அதே பழைய 9 அங்குலம் (வி8 காருக்கு 10 அங்குலம்). விலையை விடுங்கள். அந்த எடையையும் அந்த வேகத்தையும் அந்தச் சின்ன பிரேக்கால் எப்படி நிறுத்துவது? எனக்கு இன்றைக்கும் அதுதான் பதறுகிறது.

இன்னொன்று. ஓட்டுநர் கதவின் விளிம்பில் ஒரு தகடு இருக்கும், அதில் பாடி, நிறம், உள்ளலங்காரம், தேதி, ஆக்ஸில், கியர்பாக்ஸ் எல்லாம் குறியீடாக இருக்கும். படிக்க அருமையான தகடு, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கதவையே மாற்றியிருக்கலாம், புதுத் தகடும் அச்சடித்து விற்கிறார்கள். ஃபெண்டர் உள்விளிம்பில் தகரத்திலேயே அடித்த எண்ணும், கையில் இருக்கும் உரிமைப் பத்திரத்தின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் வாங்க வேண்டாம். 1967லிருந்து வந்த கார்கள் என்றால் ஃபோர்டின் உற்பத்திப் பதிவிலிருந்து காசு கட்டி அறிக்கை வாங்கலாம். 65க்கும் 66க்கும் அந்த வசதி இல்லை, காரைத்தான் படிக்க வேண்டும்.

என் கார் கிடைத்தது அதற்கு ஏழு மாதம் கழித்து, ஒரு பழைய களஞ்சியத்தில். எண் 6எஃப்07டி: 1966, டியர்பார்ன், ஹார்ட்டாப், ஆறு சிலிண்டர். கதவுத் தகட்டில் தேதி 16சி, அதாவது மார்ச் 16. (மாதத்துக்கு ஒரு எழுத்து, ஏ ஜனவரி என்று தொடங்கும், ஐ மட்டும் கிடையாது.) எஞ்சினில் வார்த்திருந்த தேதி அதற்கு மூன்று வாரம் முந்தையது, அப்படித்தான் இருக்க வேண்டும், எஞ்சின் வார்த்த பிறகுதானே கார் கூடும். மஸ்டாங் 10 லட்சத்தைத் தொட்டது அதே 1966 மார்ச்சில்தான், 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமாகி இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நிறக் குறியீடு எம், விம்பிள்டன் வெள்ளை. ஆனால் கார் பச்சையாக இருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தபோது, பச்சை எட்டாத மூலையில் பாலாடை நிறத்தில் அந்த வெள்ளை அப்படியே இருந்தது. ஐம்பது வருடமாக யாரும் பார்க்காத இடம். எனக்கு இந்தப் பைத்தியம் நிரந்தரமாகப் பிடித்தது அந்த நிமிடத்தில்தான்.

சரி, துருவுக்கு வருவோம். இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், அது காரின் அடியைத் தின்றுவிடும். கூடவே ஒரு காந்தம் எடுத்துப்போங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால், முன் ஃபெண்டரின் கீழ்மூலையில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் அங்கே தகரம் இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த மஸ்டாங்கில் உயிர்நிலை வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணாடிக்கு முன்னால், வைப்பருக்குக் கீழே, வரிவரியாகக் காற்றுத் துளைகள் இருக்கும் பகுதி. இங்கே அதைக் கவுல் என்பார்கள். மழைநீர் அந்தத் துளை வழியே உள்ளே இறங்கி, தகரப் பெட்டி போன்ற ஓர் இடத்தில் ஓடி, இரண்டு ஓரத்திலும் வெளியேறும். பெட்டியிலிருந்து காருக்குள் காற்று மட்டும் போவதற்குத் தொப்பி மாதிரி இரண்டு விளிம்புகள் எழுப்பியிருப்பார்கள். இலைதழை விழுந்து மக்கி, ஈரம் காயாமல் நின்று, அந்தத் தொப்பியின் அடி அரித்துவிட்டால் தண்ணீர் நேராகக் காருக்குள், கால் வைக்கும் இடத்தில் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சோதனை சுலபம்: அந்தத் துளைகளில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் விளக்கு அடித்துப் பாருங்கள். விற்பவர் ஊற்ற விடமாட்டேன் என்றால் விடையைச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் காரில் ஊற்றினேன், இரண்டு பக்கமும் குழாய் திறந்த மாதிரி கொட்டியது. தெரிந்தே வாங்கினேன், விலையை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டேன். சரிசெய்ய ஒரு முழுக் குளிர்காலம் ஆனது. பானெட், ஃபெண்டர்கள், வைப்பர், முன்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி, மேல் தகட்டைப் பிடித்திருந்த ஸ்பாட் வெல்டு புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைபோட்டு எடுக்க வேண்டும். நூற்றுக்கு மேல் எண்ணினேன். இரண்டு தகடு ஒட்டியிருக்கும் இடத்தில் மேல் தகட்டை மட்டும் அறுத்துக் கீழ்த் தகட்டில் நிறுத்த வேண்டும், அரை மில்லிமீட்டர் கூடப் போனாலும் அடியும் ஓட்டையாகும். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதற்குச் சொல்லித்தந்த கணக்கு துருவல்: வெளியே வரும் சுருள் பளபளப்பாக இருக்கும் வரை போகலாம், பழுப்புத் தூள் வந்ததும் நிறுத்திவிட வேண்டும், இரண்டு தகட்டுக்கும் நடுவில் இருக்கும் துருவைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். மேல் தகடு விலகி வந்தபோது உள்ளே ஒரு கூடை மக்கிய ஓக் இலை, அதற்குள் எலிக்கூடு.

கால் வைக்கும் இடத்துத் தகட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. இந்தக் காருக்குத் தனியாக இரும்பு அடிச்சட்டகம் கிடையாது, பாடியேதான் சட்டகம். தரையை வெட்டுவதற்கு முன் கதவு நிலைக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக்கொடுக்காவிட்டால் பாடி தொய்ந்து, அப்புறம் கதவு மூடாது. இதில் அவசரமே கூடாது.

எஞ்சின் ஒப்பிட்டால் எளிது. 120 குதிரைத்திறன், கையும் ஸ்பேனரும் போக எங்கும் இடம். எனக்குத் தலைவலி கொடுத்தது ஒன்றுதான்: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுவையே இல்லை. கார்பரேட்டரை மூன்று தடவை பிரித்து மாட்டினேன். கடைசியில் பார்த்தால், முன்னாடி வைத்திருந்தவர் வேறு மாதிரி கார்பரேட்டர் போட்டிருக்கிறார். இந்த வருட ஆறு சிலிண்டரில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிட்டுத் தரும் பாகம்) எடைக்கட்டி கிடையாது, தீப்பொறி எப்போது முந்த வேண்டும் என்பதை எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை வைத்து மட்டுமே முடிவு செய்யும். அதற்கான சிக்னலைக் கொடுக்கும் வால்வு அசல் ஆட்டோலைட் 1100 கார்பரேட்டரில் இருக்கிறது. இரண்டும் ஜோடி, ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. ஜோடி சேர்ந்ததும் கார் வேறு காராகிவிட்டது.

பிரேக்கில் மட்டும் அசலை விட்டுக்கொடுத்தேன். 66 வரை மாஸ்டர் சிலிண்டரில் (மிதிக்கும் அழுத்தத்தை எல்லாச் சக்கரத்துக்கும் அனுப்பும் பாகம்) ஒரே அறைதான், எங்கே ஒரு குழாய் கசிந்தாலும் நாலு சக்கரமும் போச்சு. இரண்டு அறை உள்ளதாக மாற்றிவிட்டேன். காட்சிப் போட்டிகளில் மதிப்பெண் குறையும் என்பார்கள், குறையட்டும், பின் சீட்டில் உட்காருவது என் மகன்.

எதை வாங்கலாம் என்று கேட்டால், முதல் காராக இந்த 65, 66 ஆறு சிலிண்டர் ஹார்ட்டாப்பைத்தான் சொல்வேன். லட்சக்கணக்கில் செய்ததால் கதவு ரப்பரிலிருந்து முழு பாடி வரை இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. பணம் போட்டு லாபம் பார்க்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம், பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் கொடுத்தது திரும்பி வராது. இங்கே 26 வருடமோ அதற்கு மேலோ ஆன காருக்கு வரலாற்று நம்பர் பலகை வாங்கலாம். மற்ற மாதங்களில் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் இஷ்டம்போல ஓட்டலாம். அந்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்டு அவென்யூவில் பழைய கார்கள் சாரிசாரியாகப் போகும், 1995லிருந்து நடக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் அதைப் பார்க்காமல் போகாதீர்கள். ஒரு நாளில் நூறு காரின் கிரில்லையும் விளக்கையும் பார்த்தால் கண் தானாகப் பழகிவிடும். கிரில்லின் நடுவில் இருக்கும் குதிரைச் சின்னத்துக்குப் பின்னால் குறுக்குக் கம்பி இருந்தால் 65, குதிரை மட்டும் தனியாக மிதந்தால் 66 என்று தூரத்திலிருந்தே சொல்வீர்கள்.

புது கவுல் பற்றவைத்து, மூட்டில் சீலர் தடவி, காய்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை வாளியோடு நின்றேன். மகன் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து விளக்கைப் பிடித்திருந்தான். முதல் வாளி ஊற்றினேன், சத்தம் இல்லை. இரண்டாவது வாளியையும் ஊற்றிவிட்டு என்னடா ஆச்சு என்று கேட்டேன். "தண்ணி ஓடுற சத்தம் கேக்குதுப்பா, ஆனா மேல ஒரு சொட்டுகூட விழல" என்றான். மூன்றாவது வாளியை அவன்தான் ஊற்றுவேன் என்றான், நான் அடியில் போய்ப் படுத்தேன்.

ஏதாவது காரைப் பார்த்து வைத்திருந்தால் ஃபெண்டர் உள்விளிம்பு எண்ணையும் கதவுத் தகட்டையும் கருத்துப் பகுதியில் போடுங்கள், கடைசி நாலு இலக்கத்தை மறைத்துவிட்டுப் போட்டால் போதும். படித்துச் சொல்கிறேன்.