கைபேசி கேள்வி-பதில்: ‘சார், இது எங்க செட் இல்ல’

போன இதழில், “கிரே மார்க்கெட் போன் வாங்குவதென்றால் முதலில் விற்பவரைப் பாருங்கள், அப்புறம் போனைப் பாருங்கள்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டவை. அதனால் இந்த முறை வேறு கேள்விகளுக்கு விடுமுறை.

எனக்குப் பிடித்த போன் ஓர் ஆன்லைன் கடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒரிஜினல்தான், ஆனால் ‘இம்போர்ட் பீஸ்’ என்கிறார்கள். ஒரிஜினல் எப்படி இவ்வளவு மலிவாக வரும்? போலியா? – கல்லூரி மாணவி ஒருவர்

போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கம்பெனிகள் ஒரே போனை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விலைக்கு விற்கின்றன. வரி மாறும், நாணய மதிப்பு மாறும், போட்டி மாறும். விலை குறைந்த இடத்தில் மொத்தமாக அள்ளி, விலை கூடிய இடத்தில் இறக்குகிறவர்கள் எப்போதும் உண்டு. கம்பெனி நியமித்த விநியோகஸ்தர் வழியாக வராததால் அதற்குக் ‘கிரே’ என்று பெயர். கறுப்புமில்லை, வெள்ளையுமில்லை. (இறக்குமதி வரியே கட்டாமல் வந்திருந்தால் அது கறுப்பு. வரியோடு பில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே சில கடைக்காரர்களுக்கு வேறு வாடிக்கையாளர் நினைவுக்கு வந்துவிடுவார்.)

ஆக, போன் அதே தொழிற்சாலையில் பிறந்ததுதான். அது கெட்டால் எந்த வாசலில் போய் நிற்பது என்பதில்தான் சிக்கல். ஐபோனுக்கான வாரண்டி சேவையை, அது முதலில் விற்கப்பட்ட நாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஆப்பிள் தன் வாரண்டித் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறது. வேறு பல கம்பெனிகளிலும் இதுதான் நடைமுறை. அந்தத் தாளை நாம் யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை.

ஆமாம், பதினாறு வருடம் பழுதுபார்க்கும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கே ஒரு முறை விலை கண்ணை மறைத்தது. நான்காம் மாதம் ஒரு காலை, சார்ஜிலிருந்து எடுத்தேன். லோகோ வந்தது, போனது, மறுபடி வந்தது, போனது. போர்டில்தான் கோளாறு என்று கைக்குத் தெரிந்துவிட்டது. நானே பிரித்திருக்கலாம். வாரண்டி இருக்கிறதே, பிரித்தால் போய்விடுமே என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன்.

கவுண்டரில் இருந்த பெண், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐயின் பதினைந்து இலக்கத்தையும் ஒரு விரலால் தட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் திரையை என் பக்கம் திருப்பினார். மாடல் சரி, நிறம்கூடச் சரி. நாடு என்ற கட்டத்தில் மட்டும் நான் கால் வைத்திராத ஒரு தேசத்தின் பெயர். “சார், இது எங்க செட் இல்ல சார்.” சரி, காசு கொடுத்தே செய்துகொள்கிறேன் என்றேன். “இந்த மாடலுக்குப் போர்டு எங்களுக்கு வராது சார்.” அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மற்றவர்களுக்கு நான் எத்தனையோ முறை சொன்ன அதே பதில்தான் அது.

விற்றவருக்கு எழுதினேன். பார்சல் செலவு உங்களுடையது, ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. கடைசியில் ஹீட் கன்னை நானே எடுத்தேன். எனக்குக் கைத்தொழில் இருந்தது, தப்பித்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் தமிழ் இலக்கியம் படிப்பவர் மாதிரி தெரிகிறது.

கடைக்காரர் ‘ஒரு வருட இன்டர்நேஷனல் வாரண்டி’ என்று எழுதியே கொடுக்கிறார். அப்போது பயமில்லைதானே? – அரசு ஊழியர்

எழுதிக் கொடுத்தது யார் என்று பாருங்கள். கம்பெனியின் பெயரிலா, கடையின் ரப்பர் ஸ்டாம்பிலா? ஸ்டாம்ப் என்றால் அது கடை வாரண்டி. கடை இருக்கிறவரைதான் அதற்கு உயிர். போன் கெட்டால் கடைக்காரர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பார். அந்த மெக்கானிக்காக நானே பல வருடம் இருந்திருக்கிறேன். என்ன பார்ட் போடுகிறோம் என்று அந்தப் பக்கம் கேட்பதில்லை, இந்தப் பக்கம் சொல்வதுமில்லை.

அதற்காகக் கடை வாரண்டியே வேஸ்ட் என்று சொல்லமாட்டேன். பத்து வருடமாக ஒரே இடத்தில் இருக்கிற, போன முறை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்த கடை என்றால் அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. மூன்று விஷயத்தை மட்டும் எழுதி வாங்குங்கள்: பார்சல் செலவு யாருடையது, எத்தனை நாளில் திரும்ப வரும், சரியாகாவிட்டால் பணமா மாற்று போனா. வாயால் சொன்னதை எழுதச் சொன்னால் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

வெளிநாட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்கிற கடையில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பேட்டரி உப்பிப்போன போனை விமானப் பார்சலில் அனுப்பக் கூடாது, அது விதி. அதாவது வாரண்டி அவசரமாகத் தேவைப்படும் அன்றுதான் போன் ஊரைவிட்டுப் போகவே முடியாது.

பெட்டியைப் பார்த்தே இது எந்த நாட்டு செட் என்று கண்டுபிடிக்க முடியுமா? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

முடியும். சாம்சங்கில் மாடல் எண்ணின் வாலைப் பாருங்கள். எஸ்23 அல்ட்ராவை எடுத்துக்கொண்டால், பல நாடுகளுக்குப் போனது எஸ்918பி. அமெரிக்காவில் எந்த நெட்வொர்க்கோடும் பூட்டாமல் விற்றது எஸ்918யு1, கொரியாவுக்கு எஸ்918என், சீனாவுக்கு எஸ்9180. ஐபோனில் பார்ட் நம்பரின் வால்: எல்எல்/ஏ அமெரிக்கா, ஜே/ஏ ஜப்பான், சிஎச்/ஏ சீனா. அதே நம்பரின் தலையெழுத்தையும் பாருங்கள். எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் கம்பெனி புதுப்பித்தது, ‘என்’ (N) என்றால் சர்வீஸில் மாற்றாகக் கொடுத்தது. ‘புத்தம் புதுசு’ என்று சொல்லி ‘என்’ (N) எழுத்தில் தொடங்கும் நம்பர் உள்ள போனை நீட்டினால், வேறு யாரோ புகார் கொடுத்து வாங்கிய மாற்று செட் உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐயும் பெட்டியில் இருப்பதும் பில்லில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கூச்சப்படாமல் கடையிலேயே நின்று பாருங்கள்.

சீல் பிரித்திருக்கிறது என்று கேட்டால், ‘ஆக்டிவேட் பண்ணத்தான் பிரிச்சோம்’ என்கிறார்கள். நம்பலாமா? – குடும்பத் தலைவி

இது பாதி உண்மை. சாம்சங் போன்களில் 2013 வாக்கிலிருந்து ஒரு பூட்டு உண்டு. அந்தந்தப் பிராந்தியத்து சிம்மைப் போட்டு மொத்தம் ஐந்து நிமிடமாவது பேசிய பிறகுதான் வேறு பிராந்திய சிம்மை ஏற்றுக்கொள்ளும். அதற்காகப் பெட்டியைப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை.

ஆனால் அப்படி ஆக்டிவேட் செய்த அன்றே வாரண்டிக் கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கலாம். நீங்கள் பெட்டியைத் திறக்கும்போது இரண்டு மாதமோ நான்கு மாதமோ கரைந்திருக்கும். கம்பெனி இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டு, வாரண்டி என்று முடிகிறது என்று பாருங்கள்.

என் கவலை வேறு. பெட்டி பிரிந்த பிறகு உள்ளே என்ன மாறியது என்று யாருக்கும் தெரியாது. சார்ஜரை எடுத்துவிட்டு மலிவுச் சார்ஜர் வைப்பது பழைய கதை. ஒரிஜினல் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், நாடு மாறினால் பிரச்சினை இல்லை. பின் மட்டும்தான் மாறும். அதற்கென்று செருகித் தருகிறார்களே ஒரு தொளதொள கன்வெர்ட்டர், கருகின முனையோடு அதில் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கிறது.

கோடவுனில் ஒரு வருடம் கிடந்த செட்டின் பேட்டரியும் அப்படியேதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் மூப்படையும். சூட்டில் கிடந்தால் சீக்கிரம் மூப்படையும். முழுக்க வடிந்துபோய் அப்படியே மாதக்கணக்கில் கிடந்தால் சில சமயம் எழுந்திருக்கவே செய்யாது.

நெட்வொர்க்கில் பிரச்சினை வருமா? இன்டர்நெட் நன்றாக ஓடினால் போதாதா? – வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுக்காகக் கேட்கும் தந்தை

போதாது ஐயா. இதில் நடந்த கதை ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபர் கடைசியில் ஆஸ்திரேலியாவில் பெரிய நிறுவனங்கள் 3ஜியை நிறுத்தின. அங்கே அவசர எண் 000. அந்த எண்ணை 4ஜி வழியாக அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கிலேயே வைத்திருக்கக் கூடாது என்று அரசு விதித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த செட்கள் பல இதில் மாட்டின. முந்தின நாள் வரை அதே போனில் 4ஜியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் அவர்கள்.

காரணம் இதுதான். 4ஜியில் இன்டர்நெட் ஓடுவது வேறு, 4ஜியில் குரல் அழைப்பு போவது வேறு. இரண்டாவதற்கு வோல்டி என்று பெயர். அது வேலை செய்ய, அந்த மாடலும் அந்த நெட்வொர்க்கும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். தெரியாத மாடல் என்றால் பேசும்போது போன் சத்தமில்லாமல் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிக்கொள்ளும். இறங்கப் படியே இல்லாத ஊரில் அழைப்பே போகாது. அதனால் போனை வாங்கிய நாளிலேயே, உங்கள் மகன் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு செய்து, பேசும்போது மேலே 4ஜி என்றே நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சிம் விஷயமும் உண்டு. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 முதல் (2022) சிம் செருக ஓட்டையே கிடையாது, எல்லாம் இ-சிம். சீனாவுக்கான பல ஐபோன்களில் தலைகீழ்: ஒரே ட்ரேயில் இரண்டு சிம், இ-சிம் இல்லை. ஜப்பானுக்காக வந்த பல போன்களில் கேமரா சத்தத்தை அணைக்க முடியாது. பூஜை அறையிலும் ‘க்ளிக்’தான்.

நான் மூன்று கிரே போன் வாங்கினேன். மூன்றும் தங்கமாக ஓடுகின்றன. நீங்கள் கம்பெனிக்காரர்களுக்கு ஏஜெண்டா? – கோபமான வாசகர்

இல்லை. கம்பெனிகள் ஒரே பொருளுக்கு ஊருக்கொரு விலை வைத்துவிட்டு, நாம் மலிவான ஊரில் வாங்கினால் மட்டும் முகத்தைத் திருப்புவது எனக்கும் பிடிக்கவில்லை. உங்கள் மூன்று போனும் ஓடுவதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை, பெரும்பாலான போன்கள் ஓடத்தான் செய்யும். என் மேஜைக்கு ஓடாதவை மட்டுமே வந்தன, அதனால் என் பார்வை கொஞ்சம் சாய்ந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். தொழிற்சாலைக் கோளாறோடு பிறந்த செட் பெரும்பாலும் முதல் சில மாதத்திலேயே காட்டிவிடும். அதைத் தாண்டினால் வருடக்கணக்கில் ஓடும். தள்ளுபடி வாங்கிக்கொண்டு நீங்கள் விட்டுக்கொடுப்பது அந்த முதல் சில மாதத்துப் பாதுகாப்பைத்தான். நடுத்தர விலைப் போனில் அந்தப் பந்தயம் பரவாயில்லை. மடிக்கிற போனில் நான் ஆடமாட்டேன். அதன் உள் டிஸ்ப்ளே போனால், அசல் பார்ட் கிடைக்காமல் வெளியில் சரிசெய்வது என்னைப் போன்ற ஆட்களுக்கே நடுக்கம்.

சாஃப்ட்வேர் மாற்றி விற்பவர்களிடம் மட்டும் நீங்களும் போகாதீர்கள். சீனாவுக்கான ஷாவ்மி செட்டில் உலக வெர்ஷனை ஏற்றி விற்பார்கள். போனை எழுப்பிவிடும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறந்துதான் இதைச் செய்வார்கள். அதை மறுபடி பூட்டினால், ‘இந்த வெர்ஷனை இந்தப் போனில் போட முடியாது’ என்று ஒரு வரியோடு ஒருநாள் திரை நின்றுவிடும். பூட்டாமல் விட்டால் பேங்க் ஆப் பல திறக்காது.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன், நேற்றுதான் வந்தது. இப்போது என்ன செய்வது? – அவசரப்பட்ட வாசகர்

பயப்பட வேண்டாம். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்று பில்லில் பார்த்து, அந்த நாட்களுக்குள் போனைப் போட்டு வறுத்தெடுங்கள். பாதுகாத்துப் பாதுகாத்துப் பயன்படுத்துகிற வேலை இப்போது வேண்டாம். ஒரு மணி நேரம் வீடியோ ஓடட்டும், கேமராவில் தொடர்ந்து ரெக்கார்ட் பண்ணுங்கள், இரண்டு சிம்மிலும் பேசுங்கள், ஸ்பீக்கரில் பேசுங்கள், காதில் வைத்துப் பேசும்போது திரை அணைகிறதா பாருங்கள். முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து இருட்டில் ஓரங்களைப் பாருங்கள். ராத்திரி நூறு சதவீதத்தில் வைத்துவிட்டுத் தூங்கி, காலையில் எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் சோதனை மட்டும் வேண்டாம். போன வருடம் ஒருவர் ‘வாட்டர்ப்ரூஃப்தானே’ என்று வாளியில் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் எடுத்து வந்தார். அதற்கு முன் யாரோ திறந்து மூடிய செட் அது, உள்ளே ஒட்டுப் பசை ஒரு பக்கம் இல்லவே இல்லை.